புனேயில் நடந்த ஒரு பரீட்சை: கலைக்களஞ்சியம் எழுதப் போன கல்லூரிப் பிள்ளைகள்



இந்த ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "சார், சத்ரபதி செஞ்சிக்கு வந்தது, தஞ்சாவூர் மராட்டியர், சரஸ்வதி மகால், இதெல்லாம் வருஷா வருஷம் வந்துடுது. வேற ஏதாவது எழுதுங்களேன்" என்றார்கள். நியாயமான வேண்டுகோள்தான். வரலாறு என்றால் முன்னூறு ஆண்டுப் பழசாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நம் கண்ணெதிரே, நம் பிள்ளைகள் படித்த ஊரிலேயே நடந்து, நாமெல்லாம் கவனிக்காமல் விட்ட ஒரு சம்பவமும் வரலாறுதான். அப்படி ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2011 தீபாவளி சமயம். எங்கள் குடியிருப்பில் மேல் மாடியில் இருக்கும் அம்மா முறுக்கும் ரவா லட்டும் கொண்டுவந்து கொடுத்தார். பின்னாலேயே அவருடைய பையன். பொறியியல் இரண்டாம் ஆண்டு. எப்போதும் கலகலப்பாகப் பேசுகிறவன், அன்று முகம் தொங்கிப் போயிருந்தான்.

"என்னடா தம்பி, பண்டிகை நாள்ல இப்படி இருக்கே?"

"அங்கிள், விக்கிப்பீடியால நான் எழுதினதை எல்லாம் தூக்கிட்டாங்க. என் அக்கவுண்டையும் பிளாக் பண்ணிட்டாங்க. அதுக்கு மார்க் உண்டுன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப என்ன ஆகும்னே தெரியலை."

அவன் என்ன எழுதினான், யார் எழுதச் சொன்னார்கள், யார் தூக்கினார்கள் என்று அன்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. பிறகு விசாரித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். அவன் ஒருவன் கதை அல்ல அது. இந்த ஊரில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்கள் பங்குகொண்ட ஒரு முயற்சியின் கதை. அதைச் சொல்லுமுன் கலைக்களஞ்சியம் என்பதற்கு இந்த இரண்டு மொழிகளிலும் இருக்கும் பரம்பரையைச் சற்று நினைவுகூர வேண்டும்.

களஞ்சியம் கண்ட பெரியோர்

தமிழில் இந்த வகை நூலுக்கு முன்னோடி என்று நாம் கொண்டாடுவது 'அபிதான சிந்தாமணி'. சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற தனி மனிதர் பல ஆண்டு உழைத்துத் தொகுத்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவோடு 1910இல் அச்சேறியது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1934இல் வந்தபோது ஆசிரியர் உயிரோடு இல்லை.

அதே காலத்தில் மராத்தியில் ஒருவர் தோன்றினார். ஸ்ரீதர் வெங்கடேஷ் கேட்கர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 'மகாராஷ்ட்ரீய ஞானகோஷ்' என்ற பெயரில் 23 தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியத்தை 1920களில் வெளிக்கொணர்ந்தார். மராத்தி மக்கள் அவருக்கு 'ஞானகோஷ்கார் கேட்கர்' என்றே பட்டம் சூட்டிவிட்டார்கள். 1937இல் இதே புனேயில் காலமானார்.

நாடு விடுதலை பெற்ற பிறகு தனி மனிதர் உழைப்பு நிறுவன உழைப்பாக மாறியது. கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியப் பணியை மேற்கொண்டது. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியர். கச்சேரிகளில் நாம் கேட்கிற பல தமிழ்க் கீர்த்தனைகளை இயற்றிய அதே தூரன்தான். முதல் தொகுதி 1954இல் வந்தது. பத்தாவது தொகுதி 1968இல் வந்தது. மராத்தியில் தர்க்கதீர்த்த லட்சுமண சாஸ்திரி ஜோஷியின் தலைமையில் 'மராத்தி விஸ்வகோஷ்' உருவானது. அதன் முதல் தொகுதி 1976இல் வெளிவந்தது. நாம் மகாபலேஷ்வர் போகும்போது வழியில் கிருஷ்ணா நதிக்கரையில் கணபதி கோயிலைப் பார்க்க இறங்குவோமே, அந்த வாய் ஊரில்தான் அதன் அலுவலகம். கோயிலைப் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறோம். பக்கத்திலேயே ஒரு மொழியின் அறிவுக் களஞ்சியம் தயாரானது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த நான்கு நூல்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எழுதியவர்கள் அறிஞர்கள். படித்தவர்கள் மற்றவர்கள். நடுவில் ஒரு பதிப்பாசிரியர். மாணவன் நூலகத்துக்குப் போய்த் தடித்த தொகுதியை எடுத்து, வேண்டியதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வருவான். அந்த நூலில் அவன் ஒரு வரி எழுதலாம் என்று யாரும் கனவில்கூட நினைக்கவில்லை.

கதவு திறந்தது

2001 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தொடங்கியபோதுதான் அந்தக் கதவு திறந்தது. படிக்கிறவரே எழுதலாம். எழுதியதை அடுத்தவர் திருத்தலாம். யார், எந்த நாளில், எந்த எழுத்தை மாற்றினார் என்ற கணக்கு அப்படியே இருக்கும். கூலி கிடையாது.

2003இல் மராத்தியிலும் தமிழிலும் விக்கிப்பீடியா தொடங்கியது. தமிழ்ப் பதிப்பின் ஆரம்ப காலத்தைக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வளைகுடா நாட்டில் பணியாற்றிய கட்டடக் கலைஞர். பகலில் உத்தியோகம், மற்ற நேரத்தில் தமிழ்க் கட்டுரை என்று ஆயிரக்கணக்கில் எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. வெளியூரில் வாழ்கிற நம் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தமிழின் இந்தக் களஞ்சியத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் பலர் சொந்த மண்ணை விட்டு வெளியே வாழ்ந்தவர்கள். "நாம எங்கேயோ இருக்கோம், நம்மால என்ன ஆகும்" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஆனால் பத்து இருபது பேர் உழைப்பில் ஒரு களஞ்சியம் வளர்ந்தால் போதாது அல்லவா? புது ஆட்கள் வேண்டும். தன்னார்வலர்கள் பார்வை இயல்பாகவே கல்லூரிகள் பக்கம் திரும்பியது. 2010 ஜூன் மாதம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதையொட்டித் தமிழகக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி ஒன்றைத் தமிழக அரசு அறிவித்தது. தன்னார்வலர்கள் கல்லூரிகளுக்குப் போய்ப் பட்டறைகள் நடத்தினார்கள். தமிழில் தட்டச்சு செய்யவே தெரியாத பிள்ளைகள் கணினியில் தமிழ் எழுத்தைப் பார்த்துப் பூரித்த காலம் அது.

புனேக்கு வந்த திட்டம்

இதே ஆண்டில் அமெரிக்காவில் வேறொரு முயற்சி தொடங்கியது. சில பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் பருவத்தேர்வுக் கட்டுரைக்குப் பதிலாக விக்கிப்பீடியாவில் எழுதச் சொன்னார்கள். வகுப்புக்கு உதவியாகத் 'தூதர்கள்' என்ற தன்னார்வலர்கள். அது ஓரளவு நன்றாக நடந்தது. உடனே, இந்தியாவிலும் செய்து பார்க்கலாம் என்று விக்கிமீடியா அறக்கட்டளை முடிவு செய்தது. தேர்ந்தெடுத்த ஊர், 'கிழக்கின் ஆக்ஸ்போர்டு' என்று பெயர் வாங்கிய நம் புனே.

2011இன் நடுவில் 'இந்தியக் கல்வித் திட்டம்' என்ற பெயரில் இங்கே சில கல்லூரிகளில் முன்னோட்டம் தொடங்கியது. உள்ளூரில் வளாகத் தூதர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தார்கள். அவர்களில் பலர் தாங்களே மாணவர்கள். உற்சாகத்துக்குக் குறைவில்லை. வகுப்பு வகுப்பாகப் போய், கணக்கு தொடங்குவது எப்படி, கட்டுரையைச் சேமிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். மாணவர்கள் எழுத வேண்டியது ஆங்கில விக்கிப்பீடியாவில்.

சில வாரங்களிலேயே சங்கடம் முளைத்தது. மாணவர்கள் சேர்த்த பகுதிகளில் கணிசமானவை பாடப் புத்தகங்களிலிருந்தும் இணையப் பக்கங்களிலிருந்தும் அப்படியே எடுத்து ஒட்டியவை. ஆங்கில விக்கிப்பீடியாவில் நெடுநாளாக உழைத்த தன்னார்வலர்கள் உலகத்தின் பல மூலைகளில் இருந்தார்கள். அவர்கள் இதைக் கண்டுபிடித்து நீக்கத் தொடங்கினார்கள். நீக்க நீக்க மறுபடியும் வந்தது. எச்சரிக்கைச் செய்தி அனுப்பினார்கள். அந்தச் செய்தி எங்கே வரும், அதை எப்படிப் படிப்பது என்றே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. கணக்குகள் சில முடக்கப்பட்டன. எங்கள் மேல் மாடிப் பையன் வாடிய முகத்தோடு நின்றது இந்தக் கட்டத்தில்தான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் நிறுத்தப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை. அதே 2011 நவம்பரில் இந்திய அளவிலான முதல் விக்கி மாநாடு மும்பைப் பல்கலைக்கழகத்தில் கோலாகலமாக நடந்தது. விக்கிப்பீடியா நிறுவனர் ஜிம்மி வேல்ஸ் நேரில் வந்திருந்தார். மும்பையில் மாநாட்டு மேடை. காட் ஏறி வந்தால் புனேயில் குப்பை அள்ளும் வேலை.

ஏன் இப்படி ஆயிற்று?

"நம்ம பசங்க காப்பி அடிப்பானுங்க, அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பின்னர் அறக்கட்டளையே வெளி ஆள் ஒருவரைக் கொண்டு என்ன தவறு நடந்தது என்று ஆராய்ந்தது. கையில் எடுத்த மாணவர் எண்ணிக்கை அளவுக்கு மீறியது, சொல்லித்தரப் போன தூதர்களில் பலருக்கே எழுதிப் பழகிய அனுபவம் போதாது, ஏற்கனவே அங்கே உழைத்துக்கொண்டிருந்த தன்னார்வலர்களைக் கலந்துகொள்ளவில்லை என்பவை வெளிப்பட்டன. நீச்சல் தெரியாதவர் கரையில் நின்று நீச்சல் சொல்லிக் கொடுத்த மாதிரி.

இவற்றோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். அன்று அந்தப் பையனைக் கேட்டேன்: "ஏம்பா, புத்தகத்துல இருந்ததை அப்படியே எடுத்துப் போடலாமா?" அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "அங்கிள், சொந்தமா எழுதினா தப்பாயிடாதா? புக்ல இருக்கறதுதானே கரெக்ட்?"

அவன் பொய் சொல்லவில்லை. முதல் வகுப்பிலிருந்து அவனுக்கு நாம் கற்றுக் கொடுத்தது அதைத்தான். புத்தகத்தில் உள்ளபடி வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். கொஞ்சம் மாற்றி எழுதினால் அரை மதிப்பெண் போச்சு. வீட்டிலும் நாம் என்ன செய்தோம்? "ஒப்பி, பார்க்கலாம்" என்று கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பதினைந்து வருஷம் மனப்பாடத்துக்குப் பரிசு கொடுத்துவிட்டு, பதினாறாவது வருஷம் திடீரென்று அதைத் திருட்டு என்று சொன்னால் பிள்ளை திகைக்காமல் என்ன செய்வான்?

ஆனால் நீக்கியவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. விக்கிப்பீடியாவில் உள்ளதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது அதன் அடிப்படை உரிமம். ஊருக்குத் தானம் கொடுக்கிற பொருள் நம்முடையதாக இருக்க வேண்டாமா? பிறர் உழைப்பை எடுத்து அங்கே போடுவது, கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். மேலும், நீக்கியவர் சம்பளம் வாங்குகிற அதிகாரி அல்லர். ஆபீஸ் முடிந்து வந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, ஆயிரம் பிள்ளைகள் ஒட்டியதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த தன்னார்வலர். அவருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

தூதரும் தன்னார்வலர், துப்புரவு செய்தவரும் தன்னார்வலர். இருவரும் நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஒருவரோடு ஒருவர் முன்கூட்டியே பேசிக்கொள்ளவில்லை. நடுவில் அகப்பட்டவன் மதிப்பெண்ணுக்காக வந்த மாணவன். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான். மதிப்பெண்ணைக் காட்டி அழைத்தால் நகல் வரும். தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லும் ஆசையை எழுப்பி அழைத்தால்தான் கட்டுரை வரும்.

பிறகு நடந்தவை

தோல்வியோடு கதை முடிந்துவிடவில்லை. 2012இல் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கு ஆதரவளிக்கும் பணி பெங்களூரைச் சேர்ந்த இணையம், சமூகம் பற்றிய ஆய்வு மையம் ஒன்றின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டு அவர்கள் பெங்களூர் கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தில் வேறு வழியில் தொடங்கினார்கள். மாணவர்கள் இரண்டாம் மொழியாக எதைப் படிக்கிறார்களோ அந்த மொழியில் எழுதுவது என்று ஏற்பாடு. கன்னடம், இந்தி, சமஸ்கிருதம், உருது இவற்றோடு தமிழும் அதில் இருந்தது. தமிழகத்துக்கு வெளியே தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழில் எழுத ஒரு களம் கிடைத்தது என்பது நமக்கு மிக முக்கியமான செய்தி.

தமிழகத்தில் 2017இல் வேறு கோணத்தில் ஒரு முயற்சி நடந்தது. மாணவர்களை விட்டு ஆசிரியர்களுக்கே விக்கிப்பீடியா பயிற்சி கொடுத்தார்கள். சொல்லித் தருகிறவருக்கு முதலில் கை பழக வேண்டும் என்ற பாடம் அதில் தெரிகிறது. அதே ஆண்டு தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

இன்றோ நகலெடுக்க இன்னொரு கருவியும் வந்துவிட்டது. கேட்ட மாத்திரத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும் செயற்கை நுண்ணறிவு. அது எந்தப் புத்தகத்திலிருந்தும் வரிக்கு வரி எடுக்கவில்லை என்று பிள்ளைகள் வாதிடலாம். ஆனால் இல்லாத நூலை இருப்பதாகச் சொல்லிச் சான்று காட்டும் பழக்கம் அதற்கு உண்டு. 2011இல் ஒட்டிய பத்தி எங்கிருந்து வந்தது என்று தேடினால் அகப்பட்டது. இதில் தேடினாலும் அகப்படாது. ஆகவே அன்றைய பாடம் இன்று இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது.

நம் வீட்டுக் கதை

இனி, நம் சங்கத்தைப் பற்றி ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கக் கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டி விக்கிப்பீடியாவில் எழுதப் பழக்கலாம் என்று நானும் இரண்டு நண்பர்களும் முயன்றோம். நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தோம். வந்தது ஏழு பேர். நல்லதாகப் போயிற்று என்று இப்போது நினைக்கிறேன். ஏழு பேர் என்றால் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார முடிந்தது. உதவிக்கு வந்தவர்களில் ஒருவன் யார் தெரியுமா? எங்கள் மேல் மாடிப் பையன்தான். இப்போது உத்தியோகத்தில் இருக்கிறான். "நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்றேன் அங்கிள், அதையாவது கேட்டுக்கட்டும்" என்று வந்து, அதையேதான் முதல் பாடமாகச் சொன்னான். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அவ்வளவு பதிந்திருக்காது.

'மணல்தொட்டி' என்ற பயிற்சிப் பக்கத்தில் முதலில் கிறுக்கச் சொன்னோம். என்ன எழுதலாம் என்ற கேள்வி வந்தபோது ஒரு பெண், "நம்ம சங்கத்தை ஆரம்பிச்சவங்களைப் பத்தி எழுதலாமே" என்றாள். எல்லோருக்கும் உற்சாகம். எழுதினோம். இரண்டு நாள் கழித்துத் தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து ஒருவர் மிக மரியாதையாக ஒரு செய்தி விட்டிருந்தார். தகவல்கள் சுவையாக உள்ளன, இவை எந்த நூலில், எந்த இதழில் வெளிவந்துள்ளன, சான்று தர முடியுமா என்று.

சான்றுக்கு எங்கே போவது? பழைய ஆண்டு மலர்களைத் தேடினோம். சங்க அலமாரியில் அண்மை ஆண்டுகளின் பிரதிகள் மட்டும் இருந்தன. பழையவை இடம் மாற்றும்போது ரத்திக்காரனுக்குப் போய்விட்டன. எடைக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "யாரு சார் இதெல்லாம் படிக்கப் போறாங்க" என்று நான்தான் சொன்னேன். கடைசியில் கட்கியில் ஒரு மூத்த உறுப்பினர் வீட்டுப் பரணில் ஒரே ஒரு பழைய மலர் கிடைத்தது. பாதியைச் செல் அரித்திருந்தது. மிஞ்சிய பாதியிலிருந்து மூன்று வரிக்குத்தான் சான்று தேறியது. ஒரு மலர் மட்டும் போதுமான சான்று ஆகாது, நாளிதழ் செய்தியோ நூலோ வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி என்று தெரிந்தால்தானே பழைய நாளிதழைத் தேட முடியும்? அந்த நூல் முனையே நம் கையை விட்டுப் போய்விட்டது.

பாளையத்திலும் ராணுவத் தொழிற்சாலைகளிலும் ரயில்வேயிலும் வேலைக்கு வந்து, ஒரே அறையில் நாலு பேர் தங்கி, கோயிலும் பள்ளியும் சங்கமும் கண்ட நம் முன்னவர்களின் வரலாறு இன்று எங்கே இருக்கிறது? எண்பது வயதைத் தாண்டிய சில பேர் நினைவில். அதற்குப் பிறகு? கேட்கர் 23 தொகுதிகளை ஒப்பேற்றிய ஊரில் இருந்துகொண்டு, நம் சொந்தக் கதையின் 23 பக்கத்தைக் காப்பாற்ற நமக்குத் துப்பில்லை.

செய்யக்கூடியவை

பெரிய திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. பெரிய திட்டம் என்ன ஆயிற்று என்பதைத்தான் இதுவரை சொன்னேன். சின்னதாக மூன்று காரியங்கள்.

முதலாவது, வீட்டில் பழைய மலர், அழைப்பிதழ், நாளிதழ் நறுக்கு, புகைப்படம் எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். சங்கத்துக்குக் கொடுங்கள். கைபேசியிலேயே படமெடுத்து ஆண்டு குறித்து வைக்க ஆள் இருக்கிறது.

இரண்டாவது, "எங்க பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது" என்று சொல்லும் வீடுகள் நம்மில் அதிகம். பரவாயில்லை. அந்தப் பிள்ளைக்கு மராத்தி படிக்க வரும் அல்லவா? தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களில் மராத்தி நூலைப் படிக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. சிங்ககட் கோட்டையைப் பற்றி, வாய் நகர் விஸ்வகோஷ் பற்றி, ஞானகோஷ்கார் கேட்கர் பற்றி மராத்தி நூலைப் படித்து, புரிந்ததைத் தன் சொல்லில் தமிழில் சொல்ல நம் பிள்ளையால் முடியும். பேத்தி மராத்தியில் படித்துச் சொல்லட்டும். தாத்தா தமிழில் எழுதட்டும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் பேத்திக்குத் தமிழ் எழுத்து வரும், தாத்தாவுக்குக் கணினி வரும். சொந்தமாகச் சொல்ல ஒன்று இருக்கும்போது காப்பி அடிக்கத் தோன்றாது.

மூன்றாவது, கல்லூரியிலோ பள்ளியிலோ யாராவது பிள்ளைகளை இப்படி எழுத அழைத்தால், அனுப்புங்கள். ஆனால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அனுப்புங்கள். சொல்லித் தருகிறவர் தாமே எழுதுகிறவரா? பிழை நேர்ந்தால் பக்கத்தில் இருந்து திருத்துவாரா? இந்த இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் தயங்க வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த ஏழு பேரில் இன்றும் எழுதுகிறவர்கள் இரண்டு பேர். "ரெண்டு பேர்தானா?" என்று என் மனைவி கேட்டாள். இரண்டு பேர்தான். அபிதான சிந்தாமணியைத் தொகுத்தவர் ஒருவர்தான் என்று பதில் சொன்னேன்.

அடுத்த வகுப்பு சங்கக் கூடத்தில் விரைவில் நடக்கும். ஏழு பேருக்குமேல் வர வேண்டாம். ஆனால் வருகிறவர்கள் பரணைப் பார்த்துவிட்டு வாருங்கள்.